கலம் ஓட்டியவளின் முகம்

பெரியவர் முப்பது ஆண்டுகளாக ஒரு வாரப் பத்திரிகையில் விண்வெளித் தொடர்கதை எழுதியவர். விண்கலம் ஓட்டும் நாயகியைத் தன் மகளின் சாயலில்தான் படைத்திருந்தார். இப்போது தொடர் புதிய எழுத்தாளரின் கைக்குப் போய்விட்டது. அடுத்த இதழில் அவள் கலத்தை எதிரிகளுக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறாளாம்.

"அவளக் கெட்டவளா ஆக்காதீங்க தம்பி," என்று பத்திரிகை அலுவலகத்துக்கே போய் அவரிடம் கெஞ்சினார் பெரியவர்.

"இந்த மாதிரிக் கதையில எது நிரந்தரம் சார்? கலத்தோட எரிஞ்சவள, எரிஞ்சது அவளோட நகல்னு சொல்லி எழுப்பினது நீங்கதானே? நான் உயிரையா எடுக்கறேன்?"

பெரியவர் கதையில் நாயகியை எரித்த மறு மாதம் மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து எழுதியதுதான் நாயகி உயிரோடு எழுந்த அத்தியாயம்.

பக்கத்து மேசையில் தொடருக்குப் படம் வரையும், நாயகிக்கு அந்த மகளின் முகத்தையே கொடுத்துவந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த இதழில் துரோகிக்கு வேறு யாரோ ஒருத்தியின் முகத்தை வரைந்திருந்தார்.

'அந்த அம்மாளைக் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும்' என்று பெரியவர் மனதார வேண்டிக்கொண்டார். பிறகு பத்திரிகையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். மகள் எந்தப் பக்கத்திலும் இல்லை.