உப்பு வண்டிக்கு ஒரு மைக் செட்

தனக்கோடிக்குக் குரல்தான் சொத்து. மரக்காணத்து உப்பளத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, குட்டியானை வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, "கல்லுப்பேய்..." என்று அவர் ஒரு இழுப்பு இழுத்தால் குயிலாப்பாளையத்துப் பெண்கள் அடுப்பைக் கூட அணைக்காமல் கூடையோடு ஓடி வருவார்கள். அந்தக் குரல் இந்தக் கோடையில் உடைந்தது. முதலில் கரகரத்தது, பிறகு வெறும் காற்றுதான் வந்தது. புதுச்சேரி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நான் சொல்றவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறமும் மெதுவாத்தான் பேசணும். இனி கத்தினீங்கன்னா இருக்கிறதும் போயிடும்" என்றார்.

கத்தாமல் உப்பு எப்படி விற்கும்? ஆகவே ஒரு மைக் செட் வாங்குவதென்று அவர் மனைவி ஜெயா முடிவு செய்தாள். தனக்கோடி தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

இதில் பெரிய கொடுமை, அந்த வீட்டில் பேரம் பேசுகிற ஆள் அவர்தான். ஜெயா கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லியே அதை ஊரறிந்த விஷயமாக்கி வைத்திருந்தார். இப்போது அவர் வாய்க்குப் பூட்டு, பை அவள் கையில்.

வானூரில் சேட்டு என்கிறவன் வைத்திருந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே தனக்கோடி போனை எடுத்து சேட்டுவின் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒரு செட். பாட்டுக்கு ஏற்ப சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும்.

"அண்ணே, விளக்கு நல்லாத்தான் எரியும். கெட்டுப்போனா யாருகிட்ட போய் நிப்பீங்க? வாங்கி பத்து நாளு தாண்டிட்டா போனைக்கூட எடுக்க மாட்டான்" என்றான் சேட்டு. பிறகு பளபளவென்று ஒரு கம்பெனி செட்டை இறக்கினான். "ஏழாயிரம். ரெண்டு வருஷம் வாரண்டி."

"ரிப்பேர்னா நீயே பாத்துக் குடுப்பியா தம்பி?" என்று ஜெயா கேட்டாள்.

"இல்லக்கா, சென்னைக்கு அனுப்பணும். திரும்பி வர மூணு வாரம் ஆவும்."

"மூணு வாரம் வண்டி ஊமையா நின்னா ரெண்டு வருஷ வாரண்டிய வெச்சி நான் என்னா பண்ணட்டும்?"

தனக்கோடி அவளைத் திரும்பிப் பார்த்தார். இது அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மூன்றாவதாக சேட்டு தானே பூட்டிய ஒரு செட்டை எடுத்து வைத்தான். இரும்புப் பெட்டி, மேலே ஒரு சாம்பல் நிற ஹாரன். ரேஷன் கடை எண்ணெய் டின்னுக்குச் சுவிட்சு வைத்தது போல இருந்தது. மூவாயிரத்து எண்ணூறு, ஒரு வருஷத்துக்கு அவனே பொறுப்பு. தனக்கோடி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனில் இருந்த செட்டை மறுபடியும் காட்டினார். ஜெயா அதைப் பார்க்கவே இல்லை.

"இத யாரு வாங்கி வெச்சிருக்காங்க? நம்பர் குடு."

பெரிய முதலியார்சாவடியில் மீன் வண்டி ஓட்டுகிற ஜான்சனுக்குக் கடையில் நின்றபடியே போன் போட்டாள். "பாக்க அசிங்கமாத்தான் இருக்கும்க்கா. ஆனா பாடும். ஒரு தடவ சுவிட்சு போச்சு, அன்னிக்கே மாத்திக் குடுத்துட்டான்" என்றான் ஜான்சன்.

ஜெயா போனை வைத்துவிட்டு சேட்டுவிடம் திரும்பினாள். "சரி தம்பி. ரிப்பேருக்குக் குடுத்தா, அது சரியாவறவரைக்கும் வேற செட்டு ஒண்ணு நீ குடுக்கணும். அத எழுதிக் குடு."

"அக்கா, இப்படி இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல!"

"நான் கேக்கறேன் இல்ல?"

சேட்டு சிரித்துக்கொண்டே தன் வாரண்டி அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அட்டையில் ஏற்கெனவே அச்சடித்திருந்ததையும் ஜெயா சத்தமாகப் படிக்கச் சொன்னாள். தண்ணீர் பட்டால் கிடையாது, கீழே விழுந்தால் கிடையாது, எலி கடித்தால் கிடையாது. விலையில் மட்டும் அவள் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. தனக்கோடி விரலை மடக்கி, நீட்டி, கண்ணை உருட்டி என்னென்னவோ செய்து பார்த்தார். வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கல்லுப்பு, மரக்காணம் கல்லுப்பு" என்று ஜெயாவே பேசிப் பதிந்தாள். தனக்கோடியின் இழுப்பு அதில் இல்லைதான். ஆனாலும் பெண்கள் வந்தார்கள். வந்துவிட்டால் விலை சொல்ல விரல் போதும். நாள் போகப் போக அவருக்கு அந்த டின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பனியும் தூசியும் படாமல் இருக்கட்டுமென்று தினமும் பொழுது சாய்ந்ததும் அதை நன்றாகச் சுற்றி வைப்பார். எதால் சுற்றுவார்? உப்பு வண்டியில் வேறு என்ன கிடைக்கும்? காலி உப்புச் சாக்குதான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், குயிலாப்பாளையத்து நடுத்தெருவில், செட் கர்ரென்றது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. பின்னால் வண்டி நிறைய உப்பு. தனக்கோடி மூச்சை இழுத்துப் பிடித்து வாயைத் திறந்தார். 'க' என்ற எழுத்து தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டாக்டரின் விளக்கு நினைவுக்கு வர, பயந்து வாயை மூடிக்கொண்டார். மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அதையும் கெடுத்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஊமைதான். வண்டியைத் திருப்பி, உப்பளத்தில் வேலையாக இருந்த ஜெயாவை ஏற்றிக்கொண்டு நேராக வானூர் போனார்.

சேட்டு பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒயரெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"ஐயோ, இதுல எப்படிக்கா இவ்ளோ உப்பு?"

தனக்கோடிக்குக் கூசிப்போயிற்று. பொய் சொல்ல வாயும் இல்லை, மனசும் இல்லை. வண்டியிலிருந்து சாக்கை எடுத்து வந்து, சுற்றுவது போலச் செய்து காட்டினார்.

"போச்சு! உப்பு ஈரத்த இழுக்கும்னு உங்களுக்கா தெரியாது? இது வாரண்டில வராதுண்ணே."

ஜெயா பையிலிருந்து அட்டையை எடுத்தாள். "தண்ணி, விழறது, எலி. உப்புன்னு எங்க தம்பி போட்டிருக்குது?"

சேட்டு அட்டையைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உப்பு வண்டிக்கு செட்ட வித்துட்டு உப்ப மட்டும் விட்டிருக்கேன் பாரு! என் தப்புதான். சரி பண்ணித் தர்றேன், அதுவரைக்கும் இத எடுத்துக்கோங்க" என்று அலமாரியிலிருந்து வேறொரு டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து, மிச்சமிருந்த அட்டைகளில் எல்லாம் 'உப்புச் சாக்கில் சுற்றினால் கிடையாது' என்று எழுத உட்கார்ந்தான்.

விட்ட இடத்திலிருந்தே விற்கலாமென்று மறுபடியும் குயிலாப்பாளையம் போனார்கள். நடுத்தெருவில் ஜெயா மைக்கைப் பிடிக்க, அவள் குரல் கணீரென்று கிளம்பியது. கதவுகள் திறந்தன. ஒரு கிழவி, "காலைல சத்தமே காணோமே, எங்க போயிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே கூடையை நீட்டினாள். தனக்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

மூட்டை தீர்ந்து வண்டியைக் கிளப்பும்போது தொண்டையைச் செருமினார்.

"ஜெயா."

டாக்டர் பேசலாம் என்று சொன்னதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சேர்த்து வைத்திருந்தவர். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீ வாங்கினதுதான் சரி" என்றார், மெல்லிய குரலில்.

ஜெயா காதில் விழாதவள் போலப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "என்னாங்க சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

தனக்கோடி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "டாக்டர் அதிகம் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."