அங்கே அவரைப் பார்த்தீர்களா

எப்சிபாவின் கணவர் தளவாய் செம்பூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயது.

அவர் கிறிஸ்தவர் அல்ல. எப்சிபா ஞானஸ்நானம் பெற்று, சபையில் பெண்கள் சங்கத்தில் இருப்பவள். தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்து, ஒருவரை ஒருவர் விரும்பி, ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். முப்பத்தொரு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அவளைச் சர்ச் வாசல் வரை கொண்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போவார் தளவாய். உள்ளே மட்டும் வரமாட்டார். எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். ஒரே பதில்தான் வரும்.

"எங்க அம்மையும் அப்பனும் பரலோகத்துல இருக்க மாட்டாவன்னு ஒங்க பாஸ்டர் சொல்லுதாரு. அவிய இல்லாத எடத்துல நான் மட்டும் போயி என்ன செய்ய, சொல்லு."

சயான் சுடுகாட்டில் அவரை எரித்தார்கள். சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்டர் அவளுக்காக ஜெபித்தார், மகள் சாதனாவுக்காக ஜெபித்தார். தளவாயின் பெயர் அதில் வரவில்லை. பத்து நாள் கழித்து, பெண்கள் சங்கத்துத் தலைவி ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார்:

"ஞானஸ்நானத் தண்ணியில ஒரு முங்கு முங்கியிருந்தா போதும் எப்சிபா. இனி அவிய வேற எடம், நாம வேற எடம். மனச தேத்திக்கோ."

எப்சிபா அழவில்லை. 'வேற எடம்' என்ற சொல் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. காலையில் தண்ணீர் பிடிக்கும்போதும், கரீம் பாட்சாவின் தோல்பை பட்டறையில் ஜிப் தைக்கும்போதும், அந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். தளவாய்க்கு வெயில் ஆகாது. ஃபேனுக்கு நேர் கீழேதான் படுப்பார்.

போன நவம்பரில் ஒரு நாள் தாராவி லேபர் கேம்ப் பக்கம் போகையில் சாதனா ஒரு சுவரொட்டியைக் காட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"மம்மி, யே க்யா லிக்கா ஹை? என்ன எழுதியிருக்கு? நர... நரக..."

"நரகத்தில் நாற்பது நிமிடம்" என்று எப்சிபா வாசித்தாள். நரகத்தை நேரில் கண்டு திரும்பிய சகோதரர் எலியேசரின் சாட்சி. மூன்று நாள் உபவாசக் கூட்டம்.

"பக்வாஸ், சும்மா உளறல்" என்று சாதனா நடக்க ஆரம்பித்தாள். எப்சிபா இன்னொரு தடவை வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மறுநாள் கரீம் பாட்சாவிடம் அரை நாள் லீவு கேட்டாள்.

"எங்கம்மா போறிய?"

"நரகத்தப் பாத்துட்டு வந்த ஒருத்தரு வந்திருக்காரு பாய். ஒண்ணு கேக்கணும்."

கரீம் பாட்சா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவருக்கு எப்சிபாவைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். "போயிட்டு வாங்க" என்றார்.

கூட்டம் ஒரு கல்யாண ஹாலில் நடந்தது. எலியேசர் நாற்பது வயதுக்காரர், ஒல்லியானவர். கத்திப் பேசாமல் தணிந்த குரலில் பேசினார். ஆறு வருடத்துக்கு முன் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தபோது தன் மூச்சு நின்றது, ஒரு தூதன் தன்னைக் கீழே கூட்டிப்போனான் என்றார். அணையாத அக்கினியைச் சொன்னார். சாகாத புழுவைச் சொன்னார். கடைசியில் தன் அப்பாவை அங்கே பார்த்ததைச் சொன்னார்.

"'ஏலே எலியேசரு, ஒரு வாய் தண்ணி'ன்னு கேட்டாரு. எனக்கும் அவருக்கும் நடுவுல பெரும் பிளப்பு. தாண்ட முடியல சகோதரரே, தாண்டவே முடியல."

ஹாலே அழுதது. எப்சிபாவுக்குப் பொறாமையாக இருந்தது. இவர் தன் அப்பாவைப் பார்த்திருக்கிறார். குரலையும் கேட்டிருக்கிறார்.

முடிவில் எல்லோரும் ஜெபத்துக்கு வரிசையில் நின்றார்கள். அவளுடைய முறை வந்து, எலியேசர் தலைமேல் கை வைக்க வந்தபோது, அவள் பர்ஸிலிருந்து தளவாயின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு ஜெபம் வேண்டாம் பிரதர். எங்க வீட்டுக்காரரு இவிய. அங்க பாத்தீயளா?"

உதவிக்கு நின்ற ஒருவர் அவளை நகர்த்தப் பார்த்தார். எலியேசர் அவரைத் தடுத்தார். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பின்னால ரூம்ல இருங்க சிஸ்டர், வாரேன்" என்றார்.

அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அரை மணி நேரம் கழித்து எலியேசர் வந்தார். உபவாசம் அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி படத்தைக் கையில் வாங்கினார்.

"பேரு என்ன?"

"தளவாய்."

"எப்ப தவறினாவ?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சு அஞ்சு மாசம்."

எலியேசர் நிமிர்ந்தார். "சிஸ்டர், நான் போயிட்டு வந்து ஆறு வருஷமாச்சு. அப்ப ஒங்க வீட்டுக்காரரு உயிரோட இங்கதானே இருந்திருப்பாவ? அங்க எப்படிப் பாத்திருக்க முடியும்?"

எப்சிபா இதை யோசிக்கவே இல்லை. விரல்விட்டு எண்ணிப்பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"அங்க பாக்கலன்னு சொன்னா சந்தோஷப்படுவீயன்னு நெனச்சேன்."

"நல்லா இருக்காவன்னு கேக்க நான் வரல பிரதர். எங்கயோ ஒரு எடத்துல இருக்காவன்னு பாத்தவங்க ஒருத்தர் சொன்னா போதும்னு இருந்துச்சு. முப்பத்தொரு வருஷம் அவியளுக்காக ஜெபம் பண்ணினேன். அவிய போன மறுநாளு முழங்கால் போட்டு ஒக்காந்தேன், சொல்ல ஒண்ணும் இல்ல. செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக் கூடாதுன்னுட்டாவ. பேர வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு எந்திரிக்கேன், தெனமும்."

பிறகு அவளே கேட்டாள்.

"ஒங்க அப்பா தண்ணி கேட்டாவன்னு சொன்னீயளே. தாண்ட முடியல, சரி. தாண்டணும்னு தோணுச்சா தம்பி?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எலியேசர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார்.

"எங்க அப்பா குடிகாரரு அக்கா. எனக்குப் பதினாறு வயசு. ஒரு நாளு அம்மையப் போட்டு அடிச்சுட்டு வந்து படுத்தாரு. விடியக்காலம் தண்ணி கேட்டாரு. 'ஏலே எலியேசரு, ஒரு வாய் தண்ணி.' நான் முழிச்சுத்தான் கெடந்தேன். கோவம், எந்திரிக்கல. ரெண்டு மூணு தடவ கேட்டாரு. அப்புறம் சத்தமில்ல. வெளிச்சம் வந்து பாத்தா போயிட்டாரு."

வெளியே யாரோ மைக்கைச் சோதித்தார்கள்.

"அந்தக் கொரல அங்க கேட்டேன்னுதான் இத்தன வருஷமா சொல்லுதேன். பொய் சொல்லணும்னு சொல்லல. ஆனா அங்க கேட்டதா, எங்க வீட்டுல கேட்டதா, இப்ப எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல."

எப்சிபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தளவாயைப் பார்த்த ஒருவரைத் தேடி வந்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவரும் அவளைப் போலவே தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவ்வளவா வேதம் தெரியாது தம்பி" என்றாள். "ஆனா ஞாயித்துக்கெழம எல்லாரும் எந்திரிச்சு நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்லுதோம்லா, சிலுவையில செத்த பெறவு ஆண்டவரு பாதாளத்துக்கு எறங்கினாருன்னு. நடுவுல அவ்வளவு பெரிய பிளப்பு இருந்தா அவரு எப்படிப் போனாரு?"

"அவரு தேவகுமாரன் அக்கா. அவரால முடியும்."

"அதத்தான் சொல்லுதேன். நம்மாலதான் முடியாது. அங்க இருந்தவுகள்ல யாரு ஞானஸ்நானம் வாங்கியிருந்தாவ? அவுகளத் தேடித்தான போனாரு?"

எலியேசருக்குப் பதில் தெரியும். அதற்கென்று படித்த விளக்கங்கள் இருந்தன: அது முற்பிதாக்களுக்காக, அது ஒரே ஒரு தடவை, அதன்பின் கதவு அடைபட்டது. வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

"ஒங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டாள் எப்சிபா.

"தேவசகாயம்."

"நான் அவருக்காக ஆண்டவருகிட்ட கேக்கேன். எனக்கு அவரு ஒண்ணும் செய்யல, கோவமும் இல்ல. நீங்க எங்க வீட்டுக்காரருக்காகக் கேளுங்க. கூடுமோ கூடாதோ, கேட்டா ஆண்டவரு நம்மள அடிக்கவா போறாரு?"

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாலைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் கதவைத் தட்டும்வரை அப்படியே இருந்தார். பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதன் பின்பக்கம் எழுதியிருந்த பெயரை உதடு அசைய ஒருமுறை படித்தார்.

கடைசி நாள் கூட்டத்துக்கு எப்சிபா போகவில்லை. போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி குறைப்பட்டாள். சாட்சியில் அப்பா வருகிற இடத்தை அவர் சொல்லவே இல்லையாம். அந்த இடம் வந்ததும் நின்றாராம். தண்ணீர் குடித்தாராம். பிறகு, மரித்தவர்கள் தேவனுடைய கையில் இருக்கிறார்கள், எனக்கு அதற்குமேல் தெரியாது என்று சொல்லி முடித்துவிட்டாராம். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் போனோம் என்று பலரும் முணுமுணுத்தார்களாம்.

ஒரு வாரம் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாதனா, அம்மா முழங்காலில் நின்று முணுமுணுப்பதைக் கேட்டு நின்றாள்.

"மம்மி, தேவசகாயம் யாரு?"

"ஒருத்தரோட அப்பா."

"பீமாரா? ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல. செத்து ரொம்ப வருஷமாச்சு. தாகமா இருந்தாராம்."

சாதனா செருப்பை மாட்டாமல் நின்றாள். சண்டை போட வந்த மாதிரி அவள் முகம் இறுகி, பிறகு தளர்ந்தது. "பப்பாவுக்கு?" என்று கேட்டாள்.

"பப்பாவுக்கு என்ன வேணும்னு தெரியலம்மா. அவிய எங்க இருக்காவளோ அங்க அவியளப் போய்ப் பாரும் ஆண்டவரேன்னு கேக்குதேன். பாத்தா, நான் தேடுதேன்னு சொல்லுமேன்னு கேக்குதேன்."

சாதனா உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எட்டு மணி ரயிலை அன்று அவள் பிடிக்கவில்லை.