சுவருக்கு அந்தப் பக்கத்துப் பூ

“அண்ணே, தொட்டுப்புடாதீக!”

மாரீஸ்வரி அத்தை போட்ட சத்தத்தில் கோட்டைச்சாமியின் கை மல்லிகைச் செடிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. கொல்லைக்குத் தண்ணீர் எடுக்க வந்த அவர் மகள் சித்ரா குடத்தை இறக்கி வைத்தாள். உள்ளே அம்மாவின் உடலைக் குளிப்பாட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

“தீட்டோட தொட்டா செடி பட்டுப்போகும். சாவு வீட்டுக்குள்ள கால் வச்சவுக யாரும் தொடக்கூடாது. தேவகோட்டையிலேருந்து கூடை நிறையப் பூ வந்துருக்குல்ல?”

அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை.

மார்கழியில் அவர் அந்தச் செடியைக் கவாத்து செய்து, மொட்டைக் குச்சிகளாக நிறுத்தியபோது, பின்வாசல் கட்டிலில் கிடந்தபடியே அம்மா போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

“மொட்டையடிச்சுப்புட்டீகளே! இது பூக்குமுன்ன நான் போய்ச் சேந்துட்டா கடைப் பூவ வச்சு அனுப்புவீகளாக்கும்? நம்ம பூ இல்லாம நான் கெளம்ப மாட்டேன், சொல்லிப்புட்டேன்.”

“வெட்டுனாத்தான்டி பூக்கும். மாசி வரட்டும், பாரு.”

ஆட்டுப்புழுக்கை போட்டார். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினார். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி தினமும் போய்த் துளிரைத் தேடினார். மாசியில் செடி அவர் மானத்தைக் காப்பாற்றியது. அம்மாவும் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டு, “ஏதோ தெரிஞ்சுதான் வெட்டியிருக்கீக” என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டாள். நேற்றும் வைத்திருந்தாள். இன்று விடிந்து காபி கொண்டுபோனபோது போயிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பறித்தால் செடி போய்விடுமோ என்ற பயம். பறிக்காவிட்டால் அவள் கேட்டது நடக்காமல் போய்விடும்.

அப்போதுதான் செடிக்குப் பின்னால் சுவரில் இருந்த ஓட்டை சித்ராவின் கண்ணில் பட்டது. இரண்டு செங்கல் பெயர்ந்த இடம். விடிகாலையில் அதன் வழியாக வளையல் போட்ட ஒரு கை வந்து மொட்டுகளைப் பறிக்கும். அம்மா படுத்தபடியே தொண்டையைச் செருமுவாள். கை மறைந்துவிடும். பக்கத்து வீட்டு மஹாலட்சுமியோடு அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனதே இந்தக் கையால்தான். ஆனால் அப்பா சிமெண்டு குழைத்துக்கொண்டு போனபோது, “செடிக்குக் காத்து வேணாமா?” என்று தடுத்ததும் அம்மாதான்.

சித்ரா ஓட்டையருகே குனிந்தாள். “சித்தி, நீங்க இன்னும் எங்க வீட்டுக்குள்ள வரல. அங்குட்டு இருந்தே நாலு மொட்டுப் பறிச்சுத் தாரீகளா?”

மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

குளிப்பாட்டிக் கோடிச் சேலை கட்டி முடித்த நேரத்தில் மஹாலட்சுமி முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். கையில் ஈரத்துணிப் பொட்டலம். எல்லோரும் பார்க்க அதைப் பிரித்தாள். நெருக்கித் தொடுத்த மல்லிகைச் சரம்.

“இத எப்பப் பறிச்ச?” என்றாள் அத்தை.

“இருட்டோட. அக்கா உசுரோட இருந்தப்பவே.” மஹாலட்சுமி தலை நிமிரவில்லை. “இவுக பூவுதான். திருடுனது. தீட்டுப் படாதது. இன்னைக்கும் அக்கா செருமுனாக.”

“செருமுனாளா?” அப்பா ஓரடி முன்னால் வந்தார். “இன்னைக்கா?”

“ஆமாண்ணே. எப்பவும் போல.”

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “நீயே வச்சுவிடு, ஆத்தா” என்றார் மஹாலட்சுமியிடம்.

அத்தை கடைப் பூக்கூடையை நகர்த்தி வழிவிட்டாள்.

காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட மறுநாள் விடிகாலையில் சித்ரா கொல்லைக்கு வந்தாள். இத்தனை நாளாகப் பறிக்காமல் விட்ட பூக்கள் செடியைச் சுற்றி உதிர்ந்து கிடந்தன. அம்மாவின் கட்டிலில் அப்பா படுத்திருந்தார்.

ஓட்டை வழியாகக் கை வந்தது. எதையும் பறிக்காமல் மொட்டுகளுக்கு நடுவில் அப்படியே நின்றது.

அப்பா தொண்டையைச் செருமினார்.

கை சட்டென்று உள்ளே போனது. சற்றுப் பொறுத்து, வளையல்கள் குலுங்க மறுபடி வந்தது.