ஐந்து கல்லும் ஆறு கல்லும்

லாரி என்ஜினுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று தருமபுரியில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஓட்டிப் பார்ப்பார்கள். மேடு ஏறினால் நல்ல என்ஜின். ஏறாவிட்டால் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். இதில் ஏதும் குறை இருப்பதாக ஊருக்குத் தோன்றியதில்லை. மாதேஸ்வரனுக்கு மட்டும் தோன்றியது. அவர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே ஒவ்வொரு என்ஜினையும் மேடையில் ஏற்றி, பலத்தைச் சோதித்து, தாளில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்களாம். பென்னாகரம் ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டதும் அப்படி ஒரு மேடையைத் தானே கட்டிக்கொண்டார்.

மேடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சிமெண்ட் திட்டு, அதன்மேல் என்ஜின், என்ஜின் சுழற்றுகிற ஓர் இரும்பு உருளை. உருளையைச் சுற்றிப் பழைய அரிசி மில் பெல்ட். பெல்ட்டின் ஒரு முனை ஸ்பிரிங் தராசில் மாட்டியிருக்கும். மறுமுனையில் இருபது கிலோ எடைக்கற்கள் தொங்கும். என்ஜினை முழு மூச்சில் ஓட்டவிட்டுக் கல்லை ஒவ்வொன்றாக ஏற்றுவார். கல் ஏற ஏற பெல்ட் உருளையை நெரிக்கும், என்ஜின் முனகும். மேட்டில் லாரி தவழுகிறபோது இருக்கிற வேகத்துக்குக் கீழே போகாமல் எத்தனை கல்லைத் தாங்குகிறதோ அதுதான் அதன் பலம். பக்கத்தில் ஒருவர் உருளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் தீய்ந்துவிடும். ஊர்க்காரர்கள் இதற்குக் கல்லுப் பரீட்சை என்று பெயர் வைத்து, பொழுது போகாதபோது வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

எல்லாம் செய்தவர் எடைக்கல் மட்டும் வாங்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை தேவைப்படுகிற பொருளுக்கு எதற்கு வீண்செலவு என்று கடலை வாங்கி அரிசி பருப்பு விற்கிற முனிராஜ் மண்டியில் இரவல் வாங்கிக்கொண்டார். சர்க்கார் முத்திரை குத்திய இரும்புக் கல். அதைவிட என்ன வேண்டும்?

எழுபத்திரண்டில் வியாகுலம் தன் லாரி என்ஜினைப் பிரித்து மாட்ட அவரிடம்தான் கொடுத்தார். வியாகுலம் அதிகம் பேசாத ஆள். கடலை விளைந்த நிலத்தில் ஒரு பங்கை விற்று அந்த லாரியை வாங்கியிருந்தார். முனிராஜ் மண்டிக்காக ஓமலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நிலக்கடலை ஏற்றி, தொப்பூர் மேடு ஏறித் தருமபுரிக்குக் கொண்டுவருவது அவருடைய பிழைப்பு. என்ஜின் மாட்டி முடிந்ததும் மாதேஸ்வரன் சோதித்தார். ஐந்து கல்லைத் தாங்கியது. ஆறாவதை ஏற்றியதும் திணறி நின்றுவிட்டது. என்ஜினோடு வந்த புத்தகத்தின்படி கணக்குப் போட்டால் ஐந்தரைக் கல் வரவேண்டும்.

"அரைக் கல்லு கொறையுதுங்க. நான் செஞ்சதுல எங்கியோ கோளாறு இருக்கு. ஆனா லோடு அளவா ஏத்திக்கிட்டு சின்ன கியர்ல போனீங்கன்னா தாங்கும்" என்றார் மாதேஸ்வரன்.

வியாகுலம் அளவாகத்தான் ஏற்றினார். மூட்டைக் கணக்கு அப்படித்தான் சொன்னது. தொப்பூர் மேட்டில் கடைசி வளைவுக்குக் கீழே, சின்ன கியரிலேயே, என்ஜின் நின்றது. லாரி பின்னால் உருண்டது. கையால் இழுக்கிற பிரேக் அதைப் பிடிக்கவில்லை. பாறையில் மோதி நின்றபோது வண்டிக்குப் பெரிய சேதமில்லை. கதவைத் திறந்து குதித்த வியாகுலம்தான் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டார்.

அரைக் கல் விஷயம் ஊருக்கெல்லாம் தெரியும், ஏனென்றால் மாதேஸ்வரனே வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருந்தார். பலம் குறைந்த என்ஜினைத் தெரிந்தே மேட்டுக்கு அனுப்பிய ஆள் என்று பேராகிவிட்டது. பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. வியாகுலத்தின் மனைவி மிக்கேலம்மாள் அடக்கத்துக்கு வந்த மாதேஸ்வரனைப் பார்த்துக் கல்லறை வாசலிலேயே, "எத்தினி கல்லு போட்டா என் புருஷன் எந்திரிப்பாருன்னு அளந்து சொல்லுய்யா" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்.

முனிராஜ் நல்ல பெயர் எடுத்தார். அடக்கத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். லாரியைச் சரி செய்ததும் பழையபடி தன் லோடையே கொடுத்தார். ஓட்டுவதற்கு மிக்கேலம்மாளின் தம்பி சின்னப்பன் வந்தான். அவன் தயங்கித் தயங்கித்தான் மேடு ஏறுவான், மூட்டையும் குறைத்துத்தான் ஏற்றுவான். சாகாமல் இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஜெபத்தில் முனிராஜின் பெயரையும் சேர்த்துக்கொள்கிற அளவுக்கு மிக்கேலம்மாளுக்கு அவர்மேல் நன்றி இருந்தது. மாதேஸ்வரன் பெயரை அவள் வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது.

ஆனால் மாதேஸ்வரன் சும்மா இருக்கவில்லை. மண் வெட்டுகிற வெளிநாட்டு இயந்திரம் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது, அதிலிருந்து ஒரு டர்போவைப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்க்க இரும்பு நத்தை மாதிரி இருக்கும். என்ஜின் வெளியே விடுகிற புகையின் வேகத்திலேயே அது சுற்றி, வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பலம் கூடும். அதைச் சின்னப்பன் லாரியில் காசு வாங்காமல் மாட்டித் தருவதாகச் சொல்லியனுப்பினார். மிக்கேலம்மாள் முடியாது என்றாள். சின்னப்பன் கெஞ்சினான். பலம் கூடியிருப்பதைக் காட்டினால் முழு லோடுக்கு மேல் பத்து மூட்டை கூடவே தருவதாக முனிராஜ் சொல்லியிருந்தார். கடைசியில், "கல்லு போடறப்ப நானும் இருப்பேன். என் கண்ணு முன்னாடி போடணும்" என்று ஒத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நத்தை மாட்டிய என்ஜின் மேடையில் ஏறியது. மிக்கேலம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு எண்ணெய் டிரம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். சின்னப்பன் தண்ணீர் ஊற்றினான். ஐந்தாவது கல்லை மாட்டியபோது என்ஜின் அசரவே இல்லை. மாதேஸ்வரன் ஆறாவது கல்லை மாட்டினார். என்ஜின் ஒரு முறை முனகி, வேகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெல்ட்டிலிருந்து ஆவியும் தீய்ந்த வாடையும் எழுந்தன. ஆறு கல்!

"அக்கா, பாத்தியா! ஆறு!" என்று சின்னப்பன் குடத்தைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தான். மாதேஸ்வரன் என்ஜினை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தார். துடைத்தது வேர்வையை மட்டுமல்ல. மிக்கேலம்மாள் ஆறாவதாக மாட்டிய அந்த ஒற்றைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்ற ஆத்திரம்தான் வந்தது.

"நாளைக்கே போறேன். பத்து மூட்டை சேத்தி" என்றான் சின்னப்பன்.

அந்த நேரத்தில்தான் கருப்பண்ணன் வந்தார். முனிராஜ் மண்டியில் எடை போடுகிறவர். மறுநாள் கொள்முதலுக்காகப் பெரிய தராசையும் ஒரு செட் எடைக்கற்களையும் மாட்டுவண்டியில் ஏற்றி, சின்னப்பன் லாரியில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்திருந்தார். வந்த வேகத்திலேயே மேடையில் தொங்கிய கற்களைப் பார்த்துச் சடைத்துக்கொண்டார்.

"இன்னும் அவுக்கலீங்களா? கடையில சில்லறை யாவாரம் அப்படியே நிக்குதுங்க. போன தடவ, வியாகுலம் வண்டிக்கி, வாங்கற கல்ல எடுத்தாந்தீங்க, அன்னிக்கி கொள்முதல் இல்ல, பரவால்ல. இந்த தடவ விக்கற கல்ல எடுத்தாந்துட்டீங்க. மொதலாளி என்னியப் புடிச்சிக் கத்தறாரு."

சின்னப்பன் சிரித்தான். மண்டியில் இரண்டு செட் கல் இருக்கும் என்பது ஊர் அறிந்த சங்கதி. வாங்குகிற கல்லின் அடியில் பச்சைப் புள்ளி, விற்கிற கல்லின் அடியில் சிவப்புப் புள்ளி. பச்சையில் துளை போட்டு இரண்டு கிலோ ஈயம் ஊற்றியிருக்கும். சிவப்பில் அடியைக் குடைந்து ஒன்றரைக் கிலோ எடுத்திருக்கும். முத்திரை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு கைப்பிடி கடலைக்காக மண்டி வாசலில் தொண்டை கிழியச் சண்டை போடுகிறவர்கள்தான் நம் ஊர்க்காரர்கள். அதே கல் ஓர் என்ஜினுக்கு முன்னால் தொங்கியபோது ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கடலையை ஏமாற்றுகிற கல் என்ஜினை ஏமாற்றாது என்று எல்லோரும் பேசாமல் ஒத்துக்கொண்டது போல இருந்தது. மாதேஸ்வரனும் அப்படித்தான். கல்லைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போது திருப்பிப் பார்த்தார். சிவப்பு.

"கருப்பண்ணா, வண்டியில இருக்கறது பச்சையா?"

"ஆமாங்க. நாளைக்கி வாங்கறதுக்குத்தானே போறாங்க."

"தராச எறக்குங்க."

என்ஜின் தூக்குகிற சங்கிலியில் தராசை மாட்டினார்கள். ஒரு தட்டில் பச்சைக் கல் ஐந்து. மறு தட்டில் சிவப்புக் கல் ஆறு. கருப்பண்ணன் கையை எடுத்ததும் தராசு இரண்டு முறை ஆடியது. பிறகு ஏறக்குறைய நேராக நின்றது. ஆறு கல் இருந்த தட்டு ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"இந்த ஒரு வெரலுதான் நத்தை குடுத்தது" என்றார் மாதேஸ்வரன். அவருடைய குரலில் எந்த ஏமாற்றமும் இல்லை, அதுதான் ஆச்சரியம். "அது வேகத்துலதான் வேல செய்யும். மேட்டுல வண்டி தவழறப்ப அதுக்கே மூச்சு இருக்காது. நான் அளந்ததும் அந்தத் தவழற வேகத்துலதான். சின்னப்பா, பத்து மூட்டையெல்லாம் பேச்சே கெடையாது."

சின்னப்பன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப ஆறு கல்லுன்றது பொய்யா?"

"ஆறும் பொய்யி. அன்னிக்கி போட்ட அஞ்சும் பொய்யி. ரெண்டும் அஞ்சரைதான்." சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார். சொன்னதன் அர்த்தம் அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "அஞ்சரை. புத்தகத்துல போட்டிருக்கறது. என்ஜின் அன்னிக்கே சரியாத்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் தப்பு செய்யல." கடைசி வார்த்தையை இரண்டு முறை சொன்னார். பிறகு சிமெண்ட் திட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மிக்கேலம்மாள் எழுந்து வந்தாள். தராசுக்கு முன்னால் நின்று ஐந்தையும் ஆறையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ஜின் நல்லா இருந்துச்சுன்னா, எங்கூட்டுக்காரரு எதுக்கு செத்தாரு?"

பச்சைக் கல் ஐந்தும் கண்ணெதிரே தட்டில் இருந்தன. அந்தக் கல்லில்தான் அன்றைக்கு ஓமலூர்ப் பக்கத்தில் கடலை நிறுத்தார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் எழுதியதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். எண்பது மூட்டை என்று எழுதி, எட்டு மூட்டையைக் கணக்கில் வராமல் லாரி சுமந்திருக்கிறது. வியாகுலம் அளவாக ஏற்றினார். அளவுதான் பொய். குடியானவனிடம் திருடியதை மேடு ஏற்றும்போதுதான் அவர் செத்தார், அதுவும் தெரியாமல்.

"நீதானே ஏத்தின?" என்று மிக்கேலம்மாள் கருப்பண்ணனைக் கேட்டாள்.

"நான்தாம்மா ஏத்துனேன்." அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "சத்தியமா, லாரிக்கு பாரம்னு நான் நெனைக்கவே இல்லம்மா. கல்லுன்னா கடலைக்குன்னுதான் நெனச்சேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. மாதேஸ்வரன் பக்கம் திரும்பினாள். பிறகு, "கல்லறையில அன்னிக்கி நான் கேட்டத மனசுல வெச்சிக்காதீங்கண்ணா" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"சின்னப்பா, நாளைக்கி நீ போகல. இனிமே அந்த மண்டி மூட்டை ஒண்ணும் நம்ம வண்டியில ஏறாது."

"வேற லோடுக்கு எங்கக்கா போறது? அவரு நம்மளுக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு? அடக்கத்துக்கு அரிசி அனுப்புனவரு..."

மிக்கேலம்மாள் கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். அந்த அரிசியில்தான் அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் உலை வைத்தார்கள். ராத்திரி பந்தியில் கடைசி ஆட்களுக்குச் சோறு பற்றாமல் போய், அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டில் படி அரிசி கேட்டு ஆள் அனுப்பினாள். ஒரு முழு மூட்டை எப்படிக் குறைந்தது என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

தட்டில் இருந்த ஆறு கல்லில் ஒன்றைத் தூக்கித் திருப்பி, அடியில் இருந்த சிவப்புப் புள்ளியைக் கருப்பண்ணனுக்குக் காட்டினாள்.

"அந்த அரிசிய நீ எந்தக் கல்லுல நிறுத்த?"

கருப்பண்ணன் தரையைப் பார்த்தார்.

"கடைய வுட்டு எது வெளிய போனாலும் செவப்புத்தாம்மா" என்றார்.