ஏழாம் நம்பர் வாய்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒரு சண்டைகூட வந்ததில்லை என்பதில் பல் டாக்டருக்கு அப்படியொரு பெருமை. கிளினிக் சிஸ்டரிடம் சொல்வாள், அக்கம்பக்கத்தில் சொல்வாள், வாயைப் பிளந்துகொண்டு பதில் பேச வழியில்லாமல் நாற்காலியில் கிடக்கிற நோயாளியிடமும் சொல்வாள். "எங்க வீட்ல குரல் உசந்ததே இல்ல, தெரியுமா? அவர் அவ்வளவு நல்ல மனுஷன்." அதில் பாதிதான் உண்மை. அவள் குரல் பிறவியிலேயே உசந்தது. அதற்கு மேல் உசர இடமில்லை.

வீட்டுக்காரருக்கு டெலிபோன் கம்பெனியில் புகார்ப் பிரிவில் உத்தியோகம். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்கிவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே வார்த்தை. ஹால் சுவருக்குப் பச்சை அடிக்கப் போகிறேன் என்றாள். "சரி." இந்த லீவுக்கும் எங்க அம்மா வீட்டுக்குத்தான் போகிறோம் என்றாள். "சரி." அந்த அம்மாவும் "மாப்பிள்ளை சொக்கத் தங்கம்" என்று ஃபோனில் உருகுவாள். தங்கத்தைக் கேட்டா நகை செய்கிறார்கள்?

பல் கூச்சம் என்றால் இவளிடம்தான் போகவேண்டும் என்று சக டாக்டர்களே சொல்வார்கள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. உடம்பு இளைக்கத் தினமும் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்த கையோடு பல் தேய்க்கிற அம்மாளை, "புளிப்புல பல்லோட மேல்தோல் ஊறிக் கிடக்கும். அதுல பிரஷ்ஷப் போட்டா கழண்டுதான் போகும். அரை மணி பொறுக்க முடியாதா?" என்று ஒரு பிடி பிடிப்பாள். கரி பிடித்த பாத்திரத்தை விளக்குவதுபோல் பல் விளக்கி ஈறை இறக்கிவிட்டுக்கொண்ட ஆசாமியின் பிரஷ்ஷைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போடுவாள். "மேல்தோல் போனா உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைங்க. ஒவ்வொண்ணும் நரம்புக்கு நேர் வழி. சில்லுனு தண்ணி பட்டா சுளீர்னுதான் இருக்கும். கூச்சத்துக்குன்னு இருக்கற பேஸ்ட்டு, மெத்து பிரஷ், ரெண்டும் போதும். தேய்ச்சிட்டு நுரையத் துப்புங்க, வாயக் கொப்பளிக்காதீங்க, மருந்து பல்லுலயே இருக்கட்டும். ஆனா ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிக்காம எந்தப் பேஸ்ட்டப் போட்டாலும் வெட்டி வேலை."

இப்படி ஏன் என்று கேட்டே பேர் வாங்கியவள் வீட்டுக்காரர் வாயை ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கூப்பிட்டாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு" என்றார். அதோடு விட்டுவிட்டாள். அவர் சிரித்தாலும் உதடு பிரியாமல்தான் சிரிப்பார். அடக்கமான மனுஷன் என்று அதையும் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

பல் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. கூடப் படித்த டாக்டர்களிடம் வினோதமான கேஸ் இருந்தால் அனுப்புங்கள் என்றாள். வந்த கேஸ்களில் ஏழாவதில் அவள் கண் நின்றது. அனுப்பியவள் காலேஜ் நாளிலிருந்து உயிர்த்தோழியான சுருட்டை. ஊரின் அந்தக் கோடியில் கிளினிக் வைத்திருந்தாள். தலைமுடியால் வந்த பேர். பெட்டிக்குள் பல்வரிசையின் பிளாஸ்டர் அச்சு, கடைவாயின் படங்கள், ஒரு சீட்டு. 'ஆண். வயது நாற்பத்தெட்டு. தண்ணீர் பட்டால் கூச்சம், காற்றுப் பட்டாலும் கூச்சம். புளிப்பு, சோடா கிடையாது. பிரஷ் மெத்து. பேர் சொல்ல மாட்டார், கேட்காதே.'

அச்சைத் திருப்பிப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கடைவாய்ப் பற்களின் மேடு பள்ளமெல்லாம் போய் மட்டமாகிக் கிடந்தது. கோரைப்பல்லின் முனை ரம்பத்தால் அறுத்த மாதிரி சப்பை. மேல்வரிசையில் இடப்பக்கம், அதை ஒட்டி, ஒரு பல் பக்கத்துப் பல்மேல் ஏறியிருந்தது. படத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் மயிரிழையாய் ஒரு விரிசல்.

உடனே ஃபோன் போட்டாள். "ஏய், இது தேய்ச்சு வந்தது இல்லடி. கடிச்சு வந்தது. தூக்கத்துல நறநறன்னு அரைக்கிறான் மனுஷன். இப்படியே விட்டா அந்தக் கடைவாய்ப் பல்லு ஒரு வருஷம் தாங்காது, ரெண்டாப் பொளந்துடும். வீட்ல எப்படி?"

"பொண்டாட்டி ரொம்பக் கெட்டிக்காரியாம்" என்றாள் சுருட்டை.

"ஐயோ பாவம்! பேச விடமாட்டாளோ?"

அந்தப் பக்கம் சுருட்டைக்கு இருமல் வந்துவிட்டது. "அத நீயே கூட்டத்துல சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அச்சு சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அவருக்கு வழக்கம்போல் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றி வைத்தாள். அவர் வழக்கம்போல் டம்ளரை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க இந்த மனுஷன. வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசியிருந்தா பல்லு தப்பிச்சிருக்கும். எல்லாத்தையும் முழுங்கி முழுங்கி ராத்திரில பல்லு மேல காட்டறான். பக்கத்துல படுக்கறவளுக்கு அந்தச் சத்தம்கூடவா கேக்காது? என்ன ஜென்மமோ!" இதைச் சொன்னவள், தலையணையில் தலை பட்டால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஜென்மம்.

அவர் அச்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப இவர் என்ன செய்யணும்?"

"ராத்திரி போட்டுக்கப் பல்லுக்கு ஒரு உறை. கூச்சத்துக்குப் பூச்சு. அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். இவர் செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். பேசணும்."

"பேசினா?"

"பேசினா என்ன, வீடு இடிஞ்சா விழுந்துடும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "அப்ப நான் ஒண்ணு..."

"இருங்க, லேப்டாப்ல சார்ஜ் போகுது. உள்ள ரூம்ல ஒயர் இருக்கு, எடுத்துட்டு வந்துடுங்களேன்."

"சரி" என்று எழுந்து போனார்.

கூட்டத்துக்கு அவரும் வந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அவள் கூட்டத்தில் பேசினால் முதலில் கைதட்டுகிறவர் அவர்தான். இரண்டாவது வரிசையில் சுருட்டை. எலுமிச்சை அம்மாளையும் பாத்திரம் விளக்குகிற ஆசாமியையும் சொல்லி முடித்து, ஏழாம் நம்பர் வாயைத் திரையில் போட்டாள். ஆளுயரத்துக்குப் பல்வரிசை நின்றது.

"பேஸ்ட் குடுத்தாச்சு, பிரஷ் மாத்தியாச்சு, கூச்சம் போகலை. ஏன்? நோயாளியோட வாயில காரணம் இல்ல. காரணம் வீட்ல இருக்கு. இவர் கடிக்கிறது பல்ல இல்லீங்க, பதிலை. இவங்க வீட்டம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அந்தம்மாவுக்கு முதல்ல ஒரு உறை போட்டுடலாம். வாய்க்கு!"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. முதல் வரிசையில் அவரும் சிரித்தார். பதினெட்டு வருஷமாய் உதடு பிரியாத மனுஷன் கண்ணில் தண்ணீர் வர, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தார். மேடை விளக்கு நேராக அந்த வாய்க்குள் விழுந்தது.

மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல், கூட்டத்தில் முண்டியடித்து நுழைகிறவன் மாதிரி, பக்கத்துப் பல்மேல் ஒருக்களித்து ஏறியிருந்தது. அதை ஒட்டி முனை சப்பையான கோரைப்பல். டாக்டர் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். சுருட்டை மும்முரமாகக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியது இரண்டே நிமிஷம். கடைசிப் படத்தில் நோயாளிக்குச் சொல்லவேண்டிய அறிவுரை இருந்தது. "உதடு சேர்ந்திருக்கலாம், பல் ரெண்டும் சேரக்கூடாது" என்று அதை வாசித்துவிட்டு இறங்கினாள். முதல் கைதட்டு அவரிடமிருந்துதான் வந்தது.

காரை அவள்தான் ஓட்டினாள். எப்போதும் அவள்தான். இரண்டு தெரு தாண்டியாயிற்று. அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே அந்த மயிரிழை விரிசல் கண்முன்னால் நின்றது.

"எங்கிட்ட ஏன் காட்டலை?"

"உங்கிட்டதான காட்டினேன். அவதான் கெட்டிக்காரி, அவளையே கேளுங்க, பேரு மட்டும் வேண்டாம்னு உன் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன்."

"ஆபீஸ்ல ரொம்பத் தொந்தரவா? நாள் பூரா கண்டவன் திட்டினா யாருக்கும்..."

"ஆபீஸ்ல எனக்கு ஒண்ணும் இல்ல. அங்க நான் பதில் சொல்றேனே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பல்லு போயிடும்ங்க. நெசமாவே போயிடும். உறை நாளைக்கே செஞ்சிடறேன். ஆனா நீங்க பேசணும். எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். என்ன கோபம் எம்மேல?"

"கோபம்லாம் இல்ல. நான் எதையாவது சொல்ல ஆரம்பிச்சா, நீ..."

"முடிச்சுடறேன், அதானே?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம். சொல்லுங்க" என்றாள் விரலிடுக்கில்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜ் தண்ணி வேண்டாம் என்றார். அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்றார். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அவளுக்கு நாக்கு நுனியில் வந்தது, விழுங்கினாள். ஒரு லீவுக்காவது மாமியார் வீடு இல்லாத திசையில் போகவேண்டும் என்றார். போன வருஷம் அங்கே அவர் ஊறுகாய்க்கு மூன்று தடவை கை நீட்டியதை ஞாபகப்படுத்தத் துடித்தாள், அதையும் விழுங்கினாள். மனுஷன் சூடு பிடித்துவிட்டார். தங்கை வீட்டுக் கல்யாணத்தில் அவர் சொல்லவந்த ஜோக்கின் முடிவை இவள் முந்திச் சொன்னது, அவர் சட்டையெல்லாம் இவளே எடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மிக்ஸியைப் போடுவது. பதினெட்டு வருஷத்தையும் தேதிவாரியாக எடுத்து வைத்தார், புகார்ப் பிரிவுக்காரர் அல்லவா.

"அப்புறம், நீ கார் ஓட்டறது எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இன்னிக்கு இல்ல, என்னிக்குமே."

ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, அதுவும் நல்ல பதில். கை ஸ்டியரிங்கை நெரித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். காதுக்குக் கீழே தாடையோரம் சதை கொழுக்கட்டையாய் இறுகிப் புடைத்திருந்தது. அவர் ஒரு விரலால் அந்த இடத்தை மெல்லத் தொட்டார்.

"டாக்டரே, உதடு சேர்ந்திருக்கலாம். பல்லு ரெண்டும் சேரக்கூடாது."