மூன்று கணினிகள், ஒரு ரப்பர்

நோயே இல்லாத மூன்று கணினிகளுக்கு ஒரு மணி நேரம் வைத்தியம் பார்த்தவன் நான். நான்கு ஆண்டு கணினிப் பொறியியல் படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லாமல் விடுவது கல்லூரிக்கு நல்லது.

அன்று ஒரு பயிற்சி நிலையத்தின் கணினி அறையில் எங்கள் விளையாட்டின் டெமோ. எங்கள் என்றால் நானும் என் மனைவியின் தங்கையும். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. படங்கள் எல்லாம் அவள் வரைந்தவை, புரோகிராம் என்னுடையது. ஒரு நத்தை, வெயில் ஏறுவதற்குள் நிழல் நிழலாக ஒதுங்கி ஒரு தெருவைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கணினி எவ்வளவு மெதுவாக ஓடினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. நத்தையைத் தேர்ந்தெடுத்தது நான்.

பதினோரு மணிக்கு ஒரு விளையாட்டு நிறுவனத்திலிருந்து மேடம் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் வாலுவுக்கு அங்கே வரையும் வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் என் மாமனாரின் நண்பருடைய டைல்ஸ் கடையில் அவள் பில் போடப் போக வேண்டும். மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டார். இந்த டெமோ வரைக்கும்தான் பொறுப்பேன் என்றும் அவளிடம் சொல்லிவிட்டார்.

சொந்தக் கணினி கொண்டுவரக் கூடாது, அறையில் இருக்கும் பழைய கணினிகளில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது விதி. எங்களுக்கு ஜன்னலோரம் மூன்று ஒதுக்கியிருந்தார்கள். ஒன்றின் திரை மஞ்சள் பூத்திருந்தது. இன்னொன்றின் விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் இல்லை. மூன்றாவதை ஆன் செய்ததும் மாவு மில் போலச் சத்தம் போட்டது.

ஒன்பதரை மணிக்கு முதல் கணினியில் பென்டிரைவைச் செருகி விளையாட்டைத் திறந்தேன். திரை கறுத்தது. ஒரு சின்னப் பெட்டி வந்தது. சேமிக்க வேண்டிய ஃபோல்டரைக் காணவில்லை என்று சொல்லி, எந்த ஃபோல்டர் என்பதையும் முழுதாகக் காட்டியது. அதன் நடுவில் என் மனைவியின் பெயர்.

காரணம் அந்த நொடியே புரிந்துவிட்டது. வீட்டில் நான் வேலை செய்வது அவளுடைய கணினியில், அவள் பெயரில் இருக்கும் கணக்கில். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கென்று ஒரு கணக்கு தொடங்க இரண்டு நிமிடம் போதும். எட்டு மாதத்தில் அந்த இரண்டு நிமிடம் ஒழியவில்லை. விளையாட்டைச் சேமிக்கும் இடமாக அவளுடைய ஃபோல்டரையே செட்டிங்ஸ் ஃபைலில் எழுதியிருந்தேன். அந்த ஃபோல்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. வேறு எந்தக் கணினியிலும் இல்லை. முதலாண்டு மாணவன்கூடச் செய்ய வெட்கப்படும் தவறு. ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும். பத்து விநாடி வேலை.

வாலு சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை மூடினேன்.

"என்னாச்சு அத்தான்?"

"ரேம் பிரச்சினை."

வாய்க்கு வந்த முதல் உதிரி பாகம் அதுதான்.

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் போல லேப் அண்ணன் எழுந்து வந்தார். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் அவர். கையில் ஸ்க்ரூ டிரைவர், சட்டைப் பையில் பென்சில் அழிக்கும் ரப்பர்.

"ரேமைக் கழட்டி ரப்பரால நாலு தேய்ப்பு தேய்ச்சா போதும் தம்பி. பாதி வியாதி அதுலயே போயிடும்."

"மிச்சப் பாதி?"

"அதுக்கு இன்னும் நாலு தேய்ப்பு."

தேய்த்தோம். மூன்று கணினிகளையும் திறந்து, தூசியை ஊதி, ஒவ்வொரு ரேமையும் பளபளவென்று தேய்த்தோம். வாலு டார்ச் பிடித்தாள். அவள் ஒவ்வொரு தடவை திரைப்பக்கம் வரும்போதும் நான் விளையாட்டைத் திறக்காமல் வேறு எதையாவது திறந்தேன். ரேம் கதை தீர்ந்ததும் வீடியோ டிரைவர் என்றேன். அதுவும் தீர்ந்ததும், நிழல்கள்தான் இந்தக் கணினிகளுக்குப் பாரம் என்று சொல்லி எல்லா நிழலையும் அணைத்தேன்.

"நிழல் இல்லாம நத்தை எங்க ஒதுங்கும்?"

"டெமோவுக்கு மட்டும்தான்."

"பதினாறு நாள் வரைஞ்சேன் அத்தான்."

"தெரியும்."

"விளையாட்டே அந்த நிழல்தான்."

அதுவும் தெரியும்.

பத்தரைக்கு நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது வாலு முதல் கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். அவளே திறந்துவிட்டாள். பெட்டி திரையில் நின்றது.

"அக்கா பேரை ஏன் தேடுது?"

சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதை மாத்த முடியாதா?"

"இங்க முடியாது. வீட்டுக்குப் போனாதான்."

இதுவும் பொய். பத்து விநாடி என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"சரி, அந்தப் பேர்லயே இங்க ஒரு ஃபோல்டர் போட்டா ஓடுமா?"

"ஓடும்."

மூன்று கணினிகளிலும் அவளே உட்கார்ந்து அக்கா பெயரைத் தட்டினாள். எழுத்துப் போன விசைப்பலகைக்குப் பதில் பக்கத்துக் கணினியின் விசைப்பலகையை மாற்றிச் செருகிக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்காமலே நிழல்களையும் திருப்பிப் போட்டாள். மூன்று திரைகளிலும் நத்தை வந்தது.

"பாத்தீங்களா," என்றார் லேப் அண்ணன். "எல்லாம் ரப்பர் செய்யற வேலை."

மேடம் பதினொன்றே காலுக்கு வந்தார். மஞ்சள் திரைக்கு முன் உட்கார்ந்து நத்தையை ஓட்டினார். ஒரு மின்கம்பத்தின் நிழலிலிருந்து நிறுத்தியிருந்த சைக்கிளின் நிழலுக்குப் போய்ச் சேர அவருக்கு ஆறு நிமிடம் ஆனது. ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ரொம்ப இயல்பா நகருதே. இதுக்குன்னு மெனக்கெட்டிருக்கீங்க போல."

"ஆமா மேடம்," என்றேன். கணினிக்குப் பன்னிரண்டு வயது.

"நிழல் யார் வரைஞ்சது?"

வாலு கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போல.

மேடம் தன் லேப்டாப்பை மேசையில் வைத்தார். "இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க. எங்க முதலாளி இன்னிக்கு ஊருக்குக் கிளம்பறார். அதுக்குள்ள அவருக்குக் காட்டணும். கீழ கார் நிக்குது."

நான் பென்டிரைவைச் செருகினேன். வாலு என் காதருகே குனிந்தாள்.

"இவங்க லேப்டாப்லயும் அக்கா பேரைப் போடப்போறோமா?"

போடலாம். முதலாளி அதைத் தன் கணினிக்கு மாற்றினால் அங்கே ஓடாது. அங்கே போய் ஃபோல்டர் போட ஆளில்லை. திங்கட்கிழமை வாலு சதுர அடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். அந்த வரிக்குப் போய்ப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தேன். முதலில் ஃபோல்டர், பிறகு என் மனைவியின் பெயர், ஒவ்வொரு எழுத்தாக. எல்லாம் போன இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். விளையாட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே சேமித்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். சேமித்தேன். பத்து விநாடி என்றது கொஞ்சம் அதிகப்படி; ஏழுதான் ஆனது.

மேடத்தின் லேப்டாப்பில் நத்தை வந்தது. அங்கே அது ஓட்டமாய் ஓடியது. அவர் கவனிக்கும் முன் மூடினேன்.

மேடம் வாலுவின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். நாற்பது நிமிடத்தில் போன் வந்தது. நிழலுக்காகவே எடுக்கிறார்களாம். மூன்று மாதம் பழகுநர், திங்கட்கிழமை பத்து மணிக்கு வர வேண்டும்.

படியில் இறங்கும்போது அவள் ஆரம்பித்தாள்.

"இங்க முடியாதுன்னீங்க."

"ம்."

"அந்தப் பேரைப் பாத்தா நான் அழுவேன்னு நினைச்சீங்களா?"

"நான் அழுவேனோன்னு நினைச்சேன்."

"அழுதீங்களா?"

"இல்ல."

"அதுக்கா என் நிழலை அணைச்சீங்க?"

பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினேன்.

கீழ்ப்படியில் நின்று அவள் தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். வேலை கிடைத்ததைச் சொன்னாள். டைல்ஸ் கடை மாமாவிடம் வரவில்லை என்று சொல்லிவிடச் சொன்னாள். வாக்கு, மரியாதை என்று மறுமுனையில் எழுந்த சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது. எட்டு மாதமாக நான் போனை எடுக்காமல் தவிர்த்துவந்த குரல் அது. வாலு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"அப்பா, ஒரு நிமிஷம். அத்தான் உங்ககிட்டப் பேசணுமாம்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அன்று காலையிலிருந்து பொய் சொன்னவர்களில் அவள் இரண்டாவது ஆள்தான். போனை வாங்கிக்கொண்டேன்.