ஐம்பதாவது எதிர்ப்பு

மாலை நான்கு ஐம்பத்திரண்டுக்கு நோயல் ஹாடோ தன் கடிதத்தை அனுப்பினார். சுரங்கத்தின் புதிய திட்டத்தைப் பற்றி எழுதி அனுப்ப ஐந்து மணியோடு கெடு முடிந்தது. நூலகக் கணினியின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருந்தார்.

கடிதம் சிறியது. சுரங்கம் நடக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அதில் நான் வேலை செய்தேன். இப்போது என் மருமகன் செய்கிறான். ஆனால் வடக்குப் பழைய பகுதியில் கழிவுநீரைத் தேக்கப் போவதாகத் திட்டத்தில் இருக்கிறது. அங்கே என் மகன் ரோரி இருக்கிறான். அங்கே தண்ணீர் விட வேண்டாம்.

கடிதத்துக்கு மேலே மூன்று கட்டங்கள் இருந்தன. ஆதரவு, எதிர்ப்பு, கருத்து. அவர் எதிர்ப்பைத் தொட்டார். தொழிற்சங்கக் கூட்டத்தில் அதுதான் வழக்கம். ஒரு தீர்மானத்தில் ஒரு வரி பிடிக்கவில்லையென்றால் எதிர்த்துக் கை தூக்க வேண்டும். அப்போதுதான் தலைவர் பேச விடுவார். வரியைத் திருத்துவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஆதரித்துக் கை தூக்குவார்கள். கருத்து என்பது கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று சொல்வது. அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

ஒன்பது நாள் கழித்து எண்ணிக்கை வெளியானது. எதிர்ப்புகள் ஐம்பது. நாற்பத்தொன்பது வரை என்றால் இலாகாவே முடிவு செய்துவிடும். ஐம்பதைத் தொட்டால் தனி ஆணையத்துக்குப் போக வேண்டும், பொது விசாரணை வைக்க வேண்டும். அதற்கு ஆறு மாதமாவது ஆகும். சுரங்கத்தின் பழைய அனுமதியோ அதற்கு முன்பே, ஜூன் கடைசியில் முடிகிறது. அதன் பிறகு இருநூற்றுப் பத்துப் பேர் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மற்ற நாற்பத்தொன்பதும் நகரத்திலிருந்து வந்தவை. சுரங்கத்தால் மலைமேல் உள்ள சதுப்பு நிலம் வற்றுகிறது, தவளைகள் சாகின்றன என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் நோயலுக்கு நன்றி அட்டை அனுப்பினாள். அதில் ஒரு தவளை வரைந்திருந்தாள். அவர் அதை இரண்டாக மடித்துக் குப்பையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கிளப்புக்குப் போனார். சங்கச் செயலாளர் காலின் ஸ்டாரட் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தான்.

"வாங்க ஐம்பது! அடுத்து எப்போ சதம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ரோரியைத் தெரியும். சிலர் மூன்று நாள் அவனுக்காகத் தோண்டியவர்கள்.

"ஒரு வரிதான் மாத்தச் சொன்னேன், காலின்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? அது என்ன நம்ம சங்கக் கூட்டமா, கை தூக்கிட்டு அப்புறம் இறக்க?"

நோயல் பீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

பதினோரு வருடத்துக்கு முன் வடக்குப் பகுதியில் கூரை இறங்கியது. நான்கு பேர் வெளியே வந்தார்கள். இருபத்து நான்கு வயது ரோரி வரவில்லை. நான்காம் நாள் உள்ளே வாயு ஏறியது. மேலாளர் வாயு அளவுகள் எழுதிய தாளை நோயலிடம் நீட்டினார். அந்த அளவுகளை நோயலால் படிக்க முடியும். இன்னும் தோண்டினால் இன்னும் சிலர் போவார்கள். "அடைச்சிடுங்க" என்றார். சுவர் எழுப்பி அடைத்தார்கள். தேவாலயத்தில் சவப்பெட்டி இல்லாமல் பிரார்த்தனை நடந்தது. அவர் மனைவி அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தாள். ஒருநாள்கூட அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கெர்ரின் வந்தாள். அவள் கணவன் டேலும் கூட வந்தான். அவள் கோட்டைக் கழற்றாமலே மேஜையில் ஒரு தாளை வைத்தாள். எதிர்ப்பை வாபஸ் வாங்கும் கடிதம். தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"புதன்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்ப்பா. காலின் இலாகாவுல கேட்டுட்டான். நாற்பத்தொன்பது ஆயிட்டா விசாரணை கிடையாதாம்."

"அப்போ அந்தத் தண்ணி விஷயத்தை யார் பார்ப்பா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க."

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். அதில் அவள் அம்மாவைப் போல.

"என் தம்பிதான்ப்பா அவன். எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உசிரோட இருக்கு. டேலுக்கு இந்த வேலை போனா நாங்க வேற வேலை தேடி வடக்க எங்கேயாவது போயிடுவோம். அப்புறம் நீங்க இங்க யாரோட இருப்பீங்க? அந்தச் சுவரோடயா?"

நோயல் தாளை வாசித்தார். மறுபடி வாசித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. பேனாவை எடுத்தார்.

"நோயல், கொஞ்சம் இருங்க," என்றான் டேல்.

அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. இந்த வீட்டில் சுரங்கத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஷிஃப்ட் தொடங்குமுன் பாதைகளையும் காற்றையும் சோதிப்பது அவன் வேலை. அடைத்த சுவர்களைச் சோதிப்பதும்தான்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும். வடக்குச் சுவர் கிட்ட நான்தான் போறேன். எல்லா ஷிஃப்டும். அளவெடுத்து, தேதி போட்டு, சாக்பீஸ்ல என் பேரோட முதல் எழுத்தைப் போட்டுட்டு வருவேன்."

"சரி."

"சுவர்ல ஒரு குழாய் விட்டிருக்காங்க. உள்ள தண்ணி அந்த மட்டத்துக்கு ஏறினா வெளிய வழியறதுக்கு."

"தெரியும். குழாய் இல்லாம எந்தச் சுவரும் கட்ட மாட்டாங்க."

"அது வழியுது, நோயல். ஒன்பது வருஷமா. யாரும் விட்ட தண்ணி இல்ல. மலையிலேர்ந்து தானா இறங்கினது."

கெர்ரின் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

ஒன்பது வருடம். அதில் எத்தனை கிறிஸ்துமஸுக்கு டேல் இதே மேஜையில் உட்கார்ந்து இறைச்சி வெட்டித் தந்திருக்கிறான் என்று நோயல் நினைத்துப் பார்த்தார். கோபம் வரவில்லை. தானும் சொல்லியிருக்க மாட்டார்.

அந்தப் பகுதியின் தரை அவருக்குத் தெரியும். சுவரிலிருந்து உள்நோக்கி மெல்லச் சரியும். முன்னூறு அடி போனால் ஓர் ஆள் உயரம் இறங்கியிருக்கும். கூரை இறங்கிய இடம் அதற்கும் அப்பால் கொஞ்சம் மேடு. தண்ணீர் அந்த மேட்டை மூடியிருக்குமா என்பது குழாயின் மட்டத்தைப் பொறுத்தது. கண்ணை மூடிக்கொண்டே நடந்து போய்விடுவார்.

பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளை நேராக வைத்தார்.

"அந்தக் குழாய், டேல். தரையிலேர்ந்து எவ்வளவு உயரத்துல இருக்கு?"